விளைச்சலில் யார் யாருக்குப் பங்கு?

பிஸ்மில்லாஹ் சொல்லி நாம் வாயில் இடுகின்ற ஒரு கவளத்திற்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு இருக்கிறதென்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? உழுதவர் ஒருவர், நாற்று நட்டவர்கள் பலர், களை பறித்தோர், தண்ணீர் கட்டியோர், இரவெல்லாம் கண் விழித்துக் காவல் காத்தோர் என்று வேறு பலர். இவர்களில் ஒருவரும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைக்காரரும் தராசும் மட்டுமே தெரிகின்றன. ஆகவே அரிசி விலை ஏறினால் முணுமுணுக்கிறோம்; இறங்கினால் மறந்துவிடுகிறோம்.

இந்தத் திரை சற்றேனும் விலக வேண்டுமானால் ஒரு கீரைப் பாத்தியையாவது சொந்தக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். இப்போது நகரங்களிலும் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கீரையும் தக்காளியும் வளர்ப்பவர்கள் பெருகி வருகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் இதனுடன் ஓர் எண்ணமும் சேர்ந்தே வளர்வதைக் காண்கிறோம். ‘என் கையால் விளைத்தேன், ஆகவே இது முழுவதும் எனக்கே’ என்பதுதான் அது. இந்த எண்ணம் சரியா? நம் கையால் விளைவித்தது நமக்கு மட்டுமே உரியதாகிவிடுமா? இந்தக் கேள்வியை நம் உள்ளத்தில் ஆழப் பதித்தவர் பெரிய நூல்களைக் கற்ற அறிஞர் அல்லர். கூமாப்பட்டியில் ஒரு சிறு நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் பெரியவர் ஒருவர்.

ஒரு மஸ்அலா

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. அதற்கு மேற்கே பிளவக்கல். அங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் உள்ளன. மலையில் பெய்த மழை அங்கே தங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது. நெல் வயல்கள், தென்னந்தோப்புகள், மாந்தோப்புகள், அவற்றுக்குப் பின்னால் நீல நிறத்தில் மலை. 2025-ஆம் ஆண்டில் அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊரின் அழகைக் கைப்பேசியில் படம் பிடித்து, எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைத்தார். அந்தப் படம் தமிழ்நாடெங்கும் பரவியது. எங்கெங்கிருந்தோ மக்கள் அவ்வூரைத் தேடி வந்தனர். பசுமையைப் பார்த்துக் களித்தார்கள். படம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பசுமையை இரவில் யார் காக்கிறார் என்று கேட்டவர்கள் எத்தனை பேரோ, நாமறியோம்.

ஒரு நிக்காஹ் விஷயமாக நாம் அப்பக்கம் சென்றிருந்தபோது அந்தப் பெரியவர் வீட்டில் பகல் உணவு. முருங்கைக் கீரைப் பொரியல், சுண்டைக்காய்க் குழம்பு, பிரண்டைத் துவையல். கடையில் வாங்கியது உப்பும் புளியும் மட்டுந்தான் என்றார், அவ்வீட்டு நன்னியம்மா. கொல்லையில் முளைத்ததும், வரப்பில் பறித்ததும், வேலியில் படர்ந்ததுமே அன்றைய விருந்து. உண்டு முடித்து அல்ஹம்து லில்லாஹ் சொல்லிக் கை கழுவியதும் பெரியவர் மெல்லத் தொடங்கினார்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். நாம நட்டதுல பறவையோ மிருகமோ தின்னா அது ஸதக்கான்னு பயான்ல சொல்றீங்க. எங்க மக்காச்சோளத்தை ராத்திரியில வந்து அழிச்சிட்டுப் போறது அந்த மிருகம். பேரைச் சொல்லவே நாக்கு கூசுது. கின்ஸீரு. அது தின்னதுக்கும் நன்மை உண்டா?”

நாம் விடை சொல்லும் முன்பே அவர் அடுத்ததையும் கேட்டுவிட்டார். “பக்கத்துல எல்லாரும் கம்பியில கரண்டு விடுன்னு சொல்றாங்க. ஒரு ராத்திரி விட்டாப் போதும், அப்புறம் எதுவும் வராதுங்கறாங்க. விடலாமா ஹஜ்ரத்? போன வருஷம் வாங்கின கடன் இன்னும் அடையலை.”

எளிதான கேள்வி அல்ல இது. ஒரு பக்கம் அல்லாஹ்வின் படைப்புகள்மீது காட்ட வேண்டிய இரக்கம். மறுபக்கம் ஓர் ஏழையின் வயிறு. அன்று நாம் சுருக்கமாகவே விடை கூறினோம். விரிவாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறோம். அவருக்கு மட்டுமல்ல; அவர் விளைவித்ததை வாங்கி உண்கின்ற நம் அனைவருக்கும் இதில் விடை உண்டு.

நட்டவர் நாம், முளைப்பித்தவன் அவன்

உழவையும் மரம் நடுவதையும் நம் மார்க்கம் வெறும் பிழைப்பாக மட்டும் கருதவில்லை. கையால் உழைத்து உண்பதைக் காட்டிலும் மேலான உணவு இல்லையென்றும், நபி தாவூது (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டு வந்தார்களென்றும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாகப் புகாரியில் காண்கிறோம். அரசாட்சியும் நபித்துவமும் ஒருங்கே பெற்றவர்களின் நிலையே அது!

ஹள்ரத் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் வரலாற்றைக் கவனியுங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட 300 பேரீச்சங்கன்றுகளை நட்டு வளர்த்துக் கொடுக்க வேண்டும், அத்துடன் 40 ஊக்கியா தங்கமும் தர வேண்டும் என்று அவர்களின் எஜமானன் நிபந்தனை விதித்தான். தோழர்கள் ஆளுக்கு 30, 20, 15, 10 என்று தத்தம் வசதிக்கேற்பக் கன்றுகளைக் கொண்டு வந்தார்கள். குழிகள் தோண்டப்பட்டன. நாயகம் (ஸல்) அவர்களே வந்து, தம் முபாரக்கான கையாலேயே அவற்றை நட்டார்கள். ஒரு மனிதனின் விடுதலை மண்ணில் நடப்பட்ட காட்சி அது. கன்றைக் கொடுத்தவர் ஒருவர், குழி தோண்டியவர் வேறொருவர், நட்டவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள், விடுதலை பெற்றவர் இன்னொருவர். ‘எனக்கே’ என்று எவரும் அங்கே நடவில்லை.

திமிஷ்கில் ஹள்ரத் அபுத்தர்தா (ரலி) அவர்கள் முதுமைப் பருவத்தில் மரக்கன்று ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே சென்ற ஒருவர், இது காய்ப்பதற்கு எத்தனையோ ஆண்டுகள் ஆகுமே, நீங்கள் உண்ணவா போகிறீர்கள் என்ற கருத்தில் கேட்டார். உண்பவர் பிறராக இருந்தால் என்ன, நற்கூலி நமக்குக் கிடைக்குமல்லவா என்ற பொருள்பட அவர்கள் விடையிறுத்தார்கள். கியாமத் நெருங்கி வரும்போதும் கையில் கன்று இருக்குமானால் அதை நட்டுவிட இயலுமாயின் நட்டுவிடட்டும் என்று பணித்த நபியின் தோழரல்லவா அவர்கள்!

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். விதைப்பது நாம், விளைவிப்பவன் யார் என்று ‘அல்வாகிஆ’ அத்தியாயத்தில் (56:63–64) அல்லாஹு தஆலா நம்மிடமே கேட்கிறான். விதையைப் பிளப்பதும், வேருக்கு வழி காட்டுவதும், மலையில் மழையை இறக்குவதும் நம் கையில் இல்லை. கூலிக்கு நிற்பவன் களஞ்சியத்திற்கு உரிமையாளன் ஆகிவிடுவானா? உடைமை அவனுடையது, நாம் அமானிதம் பெற்றவர்கள். உடையவன் சிலருக்குப் பங்கு ஒதுக்கி வைத்திருந்தால் அதை மறுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

அறுவடை நாளின் ஹக்கு

முதற் பங்கு ஏழைக்குரியது. பயிர் விளைந்ததும் உண்ணுங்கள், அறுவடை நாளிலேயே அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் ‘அல்அன்ஆம்’ அத்தியாயம் (6:141) கட்டளையிடுகிறது. வானமழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. ஏற்றம் இறைத்துச் சிரமப்பட்டு விளைவித்ததில் இருபதில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அளவையும் வகுத்துத் தந்தார்கள். உழவன் படும் பாட்டுக்கு ஏற்பப் பங்கு பாதியாகக் குறைவதைப் பாருங்கள். ஏழைக்குக் கொடுக்கச் சொன்ன அதே மார்க்கம் கொடுப்பவனின் முதுகு வலியையும் கணக்கில் எடுத்திருக்கிறது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும், அது காய்கறியேயானாலும் இந்தக் கடமை உண்டு என்பார்கள். அவர்களின் மாணவர்களான இமாம்கள் இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் ஐந்து வஸக் அளவை அடைந்தாலன்றிக் கடமையாகாது என்பார்கள். நம் நாட்டு நிலங்களைப் பற்றியும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கடமையா இல்லையா என்ற கணக்கு எவ்வாறு முடிந்தாலும், விளைச்சல் வீட்டுக்கு வரும் நாளில் ஓர் ஏழையின் கை வெறுமையாகத் திரும்பக்கூடாது என்ற நோக்கம் மாறுவதில்லை.

அந்த நோக்கத்தை மறந்தவர்களின் கதை ‘அல்கலம்’ அத்தியாயத்தில் (68:17–33) வருகிறது. தோட்டக்காரர்கள் சிலர் விடியற்காலையிலேயே சென்று கனிகளைப் பறித்துவிட வேண்டுமென்று சத்தியம் செய்துகொண்டார்கள். ஏன் அத்தனை அவசரம்? ஏழை எவனும் உள்ளே வந்துவிடக் கூடாதாம்! அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோதே தோட்டத்தை ஆபத்து சூழ்ந்துகொண்டது. காலையில் சென்று பார்த்தால் அடையாளமே தெரியவில்லை; வழி தவறி வேறெங்கோ வந்துவிட்டோமோ என்று திகைத்தார்கள். அவர்கள் திருடியவர்கள் அல்லர்; பிறர் நிலத்தைப் பறித்தவர்களும் அல்லர். சொந்தத் தோட்டத்தில் சொந்தக் கனியைப் பறிக்கப் போனவர்கள்தாம். வாசலை மூடியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

‘நமக்குத் தேவையானதை நாமே விளைவித்துக்கொள்வோம்’ என்று இன்று புறப்படுகின்ற அன்பர்கள் இந்த வரலாற்றைத் தம் தோட்டத்து வாசலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது சிறப்பு. பிறர் நம்மை எதிர்பார்த்து வரும்போது வாசலை மூடிக்கொள்வது சிறப்பாகாது.

வரப்பில் நிற்கும் பெண்கள்

நன்னியம்மா அன்று பறித்த கீரையை யாரும் விதைக்கவில்லை. வயலில் நெல்லுக்கு ஊடே தானாக முளைத்தது, வரப்பில் படர்ந்தது, கண்மாய்க் கரையில் கிடந்தது. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, முடக்கத்தான் என்று எத்தனை வகை! நிலமில்லாத ஏழைப் பெண்கள் களை பறிக்கப் போய், கூலியோடு மடியில் கீரையும் கட்டிக்கொண்டு வருவார்கள். கூலி குறைந்த நாளிலும் குழந்தைகளுக்குக் குழம்பு உண்டு. எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத பங்கு அது.

களைக்கொல்லி வந்தபின் அந்தப் பங்கு யாருக்கும் தெரியாமலே பறிபோயிற்று. களை என்று நாம் தெளித்த மருந்தில் பாதி கீரையையும் சேர்த்தே கொன்றது. களை பறிக்கும் வேலையும் போயிற்று. மடியில் வந்த கீரையும் போயிற்று. நில உடைமையாளர் எவரையும் விரட்டவில்லை, வாசலை மூடவுமில்லை. ஆனாலும் தோட்டக்காரர்கள் விடியலில் செய்யத் துணிந்ததை மருந்து நடுப்பகலில் செய்து முடித்துவிட்டது.

பூச்சிமருந்தின் கதையும் இதுவே. முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பான், கேரளத்துக் காசர்கோட்டில் எத்தனையோ குழந்தைகளின் வாழ்வைச் சீரழித்த பின்னரே 2011-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசுப் பணியிலிருந்த நம்மாழ்வார் அவர்கள் 1960-களின் இறுதியில் அப்பணியை விட்டு வெளியேறி, 2013-இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று இயற்கை வேளாண்மையை எடுத்துரைத்தார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் மண்ணில் வாழும் சிற்றுயிர்களுக்கும் விளைச்சலில் வேலையும் பங்கும் உண்டென்று அவர் சொன்னதைக் கேட்கும்போது, எறும்புக் கூட்டத்தையும் தேனீயையும் பெயர் சொல்லி அத்தியாயங்களாக்கிய திருமறையை ஓதுகிற நாம் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்ற வெட்கம் நமக்கு ஏற்படுகிறது.

காட்டில் எடுப்பது

விளைவிப்பதற்கு அடுத்தது சேகரிப்பது. கயிற்றை எடுத்துக்கொண்டு சென்று, விறகுக் கட்டை முதுகில் சுமந்து வந்து விற்றுப் பிழைப்பது, பிறரிடம் கையேந்துவதைவிட மேலானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஒருவருக்கும் சொந்தமில்லாத புல், விறகு, காட்டுத்தேன் போன்றவற்றை யார் சேகரிக்கிறாரோ அவருக்கு அவை உரியவையாகும் என்று ஃபிக்ஹு நூல்களும் கூறும். ஆனால் இதிலும் வரம்பு உண்டு. மதீனா நகரைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, அதற்குள் மரத்தை வெட்டலாகாது, வேட்டையாடலாகாது என்று தடுத்தவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம். எடுக்க அனுமதித்த கருணையே, எடுக்காமல் விட்டுவைக்கவும் இடம் குறித்தது.

கூமாப்பட்டிக்கு மேலே உள்ள மலையும் அத்தகைய ஓர் எல்லையாகவே இன்று இருக்கிறது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அம்மலையில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர் மக்களைப் போன்றோர்க்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை வழங்குகிறது. நாமோ நினைத்தபோது உள்ளே நுழைந்து விறகும் மூலிகையும் வாரிக்கொண்டு வர முடியாது, வரவும் கூடாது. இது அரசின் சட்டம்தானே, மார்க்கத்திற்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். பொதுநலனுக்காக வகுக்கப்பட்ட எல்லையை மீறி, ஏழைப் பளியரின் பங்கையும் அணிலின் பங்கையும் சேர்த்து எடுத்துவரும் உணவில் பரக்கத்து எங்கிருந்து வரும்?

எடுக்க உரிமையுள்ள இடத்திலும் ஓர் ஒழுக்கம் வேண்டும். கிழங்கைத் தோண்டுகிறவர் கொடியின் தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடினால் அடுத்த பருவத்திலும் கிழங்கு உண்டு. தேனெடுப்பவர் குஞ்சுகள் இருக்கும் அடையை விட்டுவைத்தால் தேனீயும் பிழைக்கும். கீரையை வேரோடு பிடுங்காமல் நுனி கிள்ளினால் நமக்குப் பின் வருகிறவளுக்கும் கிடைக்கும். விட்டு எடுப்பதே எடுப்பதன் அதபு.

பெரியவரின் கேள்விக்கு வருவோம்

பன்றி தின்றதும் ஸதக்காவா? ஆம் என்பதே நமது விடை. ஹள்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வரும் ஹதீஸில், மரம் நட்டவருக்கு அதிலிருந்து உண்ணப்பட்டதும் ஸதக்கா, களவு போனதும் ஸதக்கா, காட்டு விலங்கு தின்றதும் ஸதக்கா, பறவை தின்றதும் ஸதக்கா என்ற கருத்து இடம்பெறுகிறது. உண்ண ஹலாலான விலங்கு, ஹராமான விலங்கு என்று அங்கே பிரிக்கவில்லை. பன்றியின் இறைச்சி நமக்கு ஹராம். அது நஜீஸ் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் நமக்கு ஹராமாக்கப்பட்ட ஒன்றை அல்லாஹ் ரிஜ்கு இல்லாமல் படைத்துவிடவில்லை.

நாயின் உமிழ்நீர் நஜீஸ்தான். அந்த நாய்க்கு, தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தபோது, கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் தண்ணீர் கொண்டுவந்து புகட்டிய மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன. கால்நடைகள் விஷயத்திலும் நன்மை உண்டா என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரிலும் நன்மை உண்டு என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். நஜீஸ் என்பது நம் உடைக்கும் தொழுகைக்கும் உரிய சட்டம். நம் இதயத்தின் இரக்கத்தை அது முறித்துவிடாது.

அப்படியானால் வேலியைத் திறந்து வைத்துவிட வேண்டியதுதானா? இல்லை. மேற்படி ஹதீஸிலேயே இதற்கும் விடை இருக்கிறது. களவு போனதும் ஸதக்கா என்று அருளப்பட்டதால், நாம் வீட்டைப் பூட்டாமலா தூங்குகிறோம்? இழப்பு நேர்ந்தபின் மனம் உடைந்து போகாதிருக்க அந்த நற்செய்தி. காவலைக் கைவிடுவதற்கான கட்டளை அல்ல. தம் பிள்ளைகளின் உணவைக் காப்பது உழவரின் உரிமை, கடமையும்கூட. பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்கு ஆளாவதும் கூடாது என்பது ஷரீஅத்தின் பொதுவிதி.

எஞ்சியிருப்பது எப்படிக் காப்பது என்ற கேள்விதான். அங்கேதான் ஈமான் சோதிக்கப்படுகிறது. எதிலும் நேர்த்தியைக் கடைப்பிடிக்க வேண்டும். உயிரைப் போக்க நேரும்போதும் வதைக்காமல் செய்ய வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்துவிட்ட முற்கால நபி ஒருவர் அல்லாஹ்வால் கண்டிக்கப்பட்ட செய்தியும் ஹதீஸில் உண்டு. கடித்த எறும்பு ஒன்று. எரிந்ததோ ஒரு சமூகம்!

மின்கம்பியும் அதைத்தான் செய்கிறது. பயிரை அழித்தது எது, அழிக்காதது எது என்று அதற்குத் தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, முறைகேடாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. அவற்றுடன் வந்த இரண்டு குட்டிகள் தனித்து நின்றன. 2020 மே மாதம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், காய்க்குள் மறைத்து வைத்த வெடிமருந்தைக் கடித்த கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் இயலாமல் ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டது. அந்த வெடி காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்டதென்று விசாரணையில் கூறப்பட்டது. பன்றிக்கென்று விரித்தது பன்றியோடு நிற்பதில்லை. இருட்டில் தண்ணீர் திருப்பச் சென்ற மனிதர்களும் இத்தகைய கம்பிகளில் மாண்டிருக்கிறார்கள். பொதுவழியில் பள்ளம் தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவரே ஈட்டுத்தொகைக்குப் பொறுப்பாவார் என்கின்றன ஃபிக்ஹு நூல்கள். நிலம் என்னுடையதுதானே என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் வரப்பு ஊரார் நடக்கும் வழியல்லவா? நாளை மஹ்ஷரில் அந்த வாதம் நிற்குமா?

ஆகவே கம்பியில் மின்சாரம் விடுவது ஆகாது. அவுட்டுக்காய் வைப்பதும் ஆகாது. பெரியவரிடம் நாம் அன்றே சொன்ன விடை இதுதான். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “சரி ஹஜ்ரத். அப்போ ராத்திரி காவலுக்கு நான்தான் போகணும். வயசு அறுபத்தெட்டு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னார்.

சுமையைப் பகிர்வோம்

அந்தச் சொல்தான் நம்மை உறங்கவிடவில்லை. ஆகாது என்று சொல்ல நமக்கு ஒரு கணம் போதும். அதன் விலையைக் கொடுப்பவரோ இரவு முழுதும் பரணில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். வனத்தை ஒட்டிய நிலத்திற்கு இப்போதைய அரசு ஆணையும் பெரிதாக உதவாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். அடிவாரத்தில் இருப்பவருக்குக் காவல் ஒன்றே வழி.

காடு நம் எல்லோருக்கும் மழை தருகிறது. அந்தக் காட்டை ஒட்டி வாழ்கிற ஏழை உழவர் மட்டும் அதற்கு வரி செலுத்துவதா? அவர் வயலில் பன்றி தின்றது அவருடைய ஸதக்கா. சரி, நம்முடைய ஸதக்கா எங்கே? இரக்கம் காட்டு என்று அவருக்கு உபதேசம் செய்துவிட்டு, விளைந்ததைப் பேரம் பேசி வாங்குகிறோமே, இது நியாயமா?

செய்யக்கூடியவை பல உண்டு. சூரிய ஒளி மின்வேலி உயிரைப் போக்காது. விட்டு விட்டு அதிர்ச்சி தந்து விரட்டிவிடும். அதற்கும் வனத்துறையின் அனுமதியைப் பெற்றே அமைக்க வேண்டும். தனி ஒருவரால் இயலாத செலவை நான்கு நிலக்காரர்கள் சேர்ந்து ஏற்கலாம். ஜமாஅத்தின் பைத்துல்மால் அழகிய கடனாகக் கொடுத்து உதவலாம். காவலுக்கு இளைஞர்கள் முறை வைத்துப் போகலாம். பயிர்ச் சேதத்திற்கு வனத்துறை வழங்கும் இழப்பீட்டுக்கு மனு எழுதத் தெரியாதவர்களுக்கு, படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களுக்கு 300 கன்றுகள் எவ்வாறு சேர்ந்தன என்பதை நினைவில் வையுங்கள். ஆளுக்குப் பத்தாகவும் பதினைந்தாகவும்தான்!

நகரத்திலிருக்கும் அன்பர்கள் தம் வீட்டிலேயே தொடங்கலாம். இடமிருந்தால் ஒரு முருங்கை. இல்லையேல் மாடியில் நான்கு தொட்டி. பள்ளிவாசலில் வுளூச் செய்து வழியும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் இரண்டு தென்னைக்கும் ஒரு வாழைக்கும் திருப்பிவிடலாம். பறித்த கீரையில் ஒரு பிடி அடுத்த வீட்டுக்கு. குழம்பு வைத்தால் சற்றுத் தண்ணீர் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது இந்தப் பங்கைத்தான். அடுத்த வீட்டார் எந்த மார்க்கத்தவராயினும் அண்டை வீட்டார்தாம். தொட்டியில் அணில் கொறித்த தக்காளியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உங்கள் ஏட்டில் ஒரு நன்மை எழுதப்பட்டதற்கான பற்குறி அது. பிள்ளைகளை அழைத்து அதைக் காட்டுங்கள். ஒரு தக்காளி சிவப்பதற்கு எத்தனை நாள் ஆகிறதென்று எண்ணிப் பார்த்த பிள்ளை, தட்டில் சோற்றை மீதம் வைத்து எழுந்திருக்க மாட்டான்.

அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து நாம் புறப்பட்டபோது நன்னியம்மா ஒரு பையில் முருங்கைக் கீரையும் சுண்டைக்காயும் கட்டிக் கொடுத்தார். மக்காச்சோளத்தில் பாதியை இழந்த வீடு அது. வேண்டாம் என்றோம். “இதுல உங்களுக்கும் பங்கு இருக்கு ஹஜ்ரத்” என்றார். அந்தப் பையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிய நாம், அவருடைய இரவுக் காவலில் நமக்குள்ள பங்கை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை.

விதையைப் பிளந்து முளைப்பிக்கின்ற வல்ல நாயன், நம் கைகளை உழைக்கும் கைகளாகவும் கொடுக்கும் கைகளாகவும் ஆக்கி, ஹலாலான உணவிலே பரக்கத்துச் செய்வானாக! தன் படைப்புகள் அனைத்தின்மீதும் இரங்குகின்ற இதயத்தையும், அந்த இரக்கத்தின் சுமையை ஏழையின் தலையில் மட்டும் ஏற்றிவிடாத நீதியையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.